ஆறு குழாய், ஒரு சின்ன ஊர்: தோட்டப்புறப் பட்டணத்தில் கிராஃப்ட் பீர் விற்ற கதை

சிறு ஆலைகள் சின்ன அளவில் காய்ச்சும் கிராஃப்ட் பீரை விற்கப் பார்த்த இந்தக் கதை, 2022 முதல் 2024 வரை மலேசியாவில், பேராக் மாநிலத்தில் நடந்தது. இடம், ஈப்போ நகரிலிருந்து காடியில் (காரில்) முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு தோட்டப்புறப் பட்டணம். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன். நான் அந்த ஊரில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். இந்தக் கடைக்கும் கணக்கு என்னுடையதுதான். அதனால் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளியேறி, பட்டணத்தை ஒட்டிய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) குடியேறிவிட்டன. பிள்ளைகள் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்குத் தொழிற்சாலைகள் என்று பிரிந்து போனார்கள். தீபாவளிக்கு ஊர் நிரம்பி வழியும், அடுத்த வாரமே காலியாகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

குடி இந்த ஊருக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. கள்ளு போன இடத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது, அது இன்னும் மோசம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் செத்தபோது, எங்கள் ஊர்க் கோப்பிக் கடைகளில் ஒரு மாதம் வேறு பேச்சே இல்லை. அதனால் 'உள்ளூரில் புதுசா ஒரு பீர்' என்று யாராவது சொன்னால், முப்பது வயதுக்காரன் காதில் விழுவதும் எழுபது வயதுக்காரியின் காதில் விழுவதும் ஒன்றாக இருக்காது.

நம் கதாநாயகர் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரின் பேரன். சிங்கப்பூரில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் ஒரு உணவகத்தில் ஆறு வருடம் வேலை செய்தவர். கிளாஸ் கழுவுவதில் தொடங்கிக் குழாய் பராமரிப்பு வரை வந்திருந்தார். கோவிட் காலத்தில் ஊர் திரும்பியவர் திரும்பப் போகவில்லை.

யோசனை வந்த விதம்

இந்த நாட்டில் பீர் என்றால் பெரும்பாலும் இரண்டே நிறுவனங்கள், கார்ல்ஸ்பெர்க்கும் ஹைனக்கனும். அதற்கு வெளியே சிறு காய்ச்சிகளின் பீரும், இறக்குமதி கிராஃப்ட் பீரும் கோலாலம்பூரில் சூடு பிடித்தது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான். 2012இல் அங்கே பெட்டர் பீர் ஃபெஸ்டிவல் தொடங்கியது. 2017இல் மாநகர் மன்றம் அதற்கு அனுமதி மறுத்தது ஊர் அறிந்த செய்தி. விழா நின்றாலும் கடைகள் நிற்கவில்லை. பழைய கடைவீடுகளைக் காப்பிக் கடையாகவும் பாராகவும் மாற்றும் அலை ஈப்போவையும் தொட்டிருந்தது.

இளைஞர் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் என்னிடம் பேசினார். கோவிட் கட்டுப்பாட்டில் மூடிக் கிடந்த பப்புகளும் இரவு விடுதிகளும் 2022 மே 15 முதல் திறக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்திருந்த நேரம்.

"அண்ணே, ஈப்போவுல போன வருசம் யாருக்கும் ஐ.பி.ஏ.ன்னா என்னன்னே தெரியாது. இப்ப பாருங்க. நம்ம ஊரு எவ்வளவு தூரத்துல இருக்கு? முக்கா மணி நேரம்."

ஐ.பி.ஏ. என்பது கசப்புத் தூக்கலான ஒரு பீர் வகை. தூரத்தை நிமிடத்தில் அளந்தார். நானும் தலையாட்டினேன்.

முதல் முடிவு: வீட்டில் காய்ச்சியதை விற்பதில்லை

அவர் வீட்டுப் பின்கட்டில் இருபது லிட்டர் டிரம் ஒன்று இருந்தது. ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் சாதாரணமாக 18 முதல் 22 டிகிரியில்தான் ஒழுங்காக வேலை செய்யும், லேகர் வகைக்கு இன்னும் குளிர் வேண்டும். நம் ஊர் வெக்கையில் அதெல்லாம் நடக்காது. அவர் வாங்கி வைத்திருந்தது குவெய்க் என்ற நார்வே நாட்டுப் பண்ணை ஈஸ்ட். 35 டிகிரியிலும் சளைக்காமல் நொதிக்கும். அவர் செய்ததைக் குடித்துப் பார்த்தேன், ஆரஞ்சுத் தோல் வாசனையோடு நன்றாகவே இருந்தது. தீபாவளிக்கு நூறு போத்தல் அடித்துக் கொடு, நாங்கள் விற்றுத் தருகிறோம் என்று நண்பர்கள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

வேண்டாம் என்றேன். 1976ஆம் ஆண்டு எக்சைஸ் (கலால்) சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரித்து விற்பது குற்றம், இது முதல் காரணம். உரிமம் எடுத்துக் காய்ச்சுவது அவருடைய கைக்காசுக்கு எட்டாத காரியம். இரண்டாவது காரணம் ஊர். மால்ட்டை (முளைகட்டிய தானியத்தை) நொதிக்க வைத்துச் செய்யும் பீரில் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் வராது, 2018 சாவுகளுக்குக் காரணம் கலப்படம். இதை நான் உங்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சம்சுவால் புருஷனைப் பறிகொடுத்த வீட்டில் போய்ச் சொல்ல முடியாது. அந்த வாரம் ஊரில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தாலும் பழி இவர் தலையில்தான் விழும்.

இந்த ஒரு முடிவை மட்டும் இன்றைக்கும் மாற்ற மாட்டேன்.

இரண்டாம் முடிவு: வாங்கி விற்பது

வரி கட்டிய கிராஃப்ட் பீரைக் கோலாலம்பூர் விநியோகஸ்தரிடம் கெக்கில் (உலோகப் பீப்பாயில்) வாங்கி, குழாயில் ஊற்றி விற்பது என்று முடிவானது. ஏற்கனவே மது விற்க உரிமம் இருந்த ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பக்கவாட்டு அறையை எடுத்தோம். கடைக்காரர் இரண்டு நிபந்தனை போட்டார்: தெருப்பக்கம் பீர் விளம்பரப் பலகை கூடாது, தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில் அறை திறந்திருக்கக் கூடாது. இரண்டுமே நியாயம்.

2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயது 18இலிருந்து 21ஆக உயர்ந்துவிட்டது. தோட்டப்புறத்தில் பதினெட்டிலேயே வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பையன்கள் உண்டு, அவர்களுக்கு இது உறைக்காது. கல்லாவில் இருந்த பெண் யாரிடமும் வயதைக் கேட்க மாட்டார். ஐசியை (அடையாள அட்டையை) வாங்கி, எண்ணின் முதல் ஆறு இலக்கத்தை மட்டும் பார்ப்பார், பிறந்த தேதி அதிலேயே இருக்கிறது. "அடுத்த வருசம் வாங்க தம்பி" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுப்பார். இரண்டு வருடத்தில் அதனால் ஒரு சண்டைகூட வரவில்லை.

விலைக்கு வருகிறேன். அப்போது பீருக்கு எக்சைஸ் வரி, தூய ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளி (ரிங்கிட்). 2016 மார்ச்சிலிருந்து இருந்த விகிதம். 30 லிட்டர் கெக், 6 விழுக்காடு பீர் என்றால் உள்ளே இருக்கும் ஆல்கஹால் 1.8 லிட்டர், வரி மட்டும் 315 வெள்ளி. மற்றச் செலவெல்லாம் சேர்த்துக் கெக் 780 வெள்ளிக்கு வந்து இறங்கியது. 330 மில்லி கிளாஸ் கணக்கில் ஒரு கெக்குக்குத் தொண்ணூறு கிளாஸ். கிளாஸ் 24 வெள்ளி என்று வைத்தோம். ஈப்போவைவிட மலிவு என்று எங்களுக்குப் பெருமை வேறு.

2022 மே மாதம்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆனது. மாதம் 26 நாள் வேலை செய்கிறவனுக்கு ஒரு நாள் கூலி 58 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. எங்கள் ஒரு கிளாஸ் அவனுக்கு ஏறக்குறைய அரை நாள் வேலை. இந்தக் கணக்கை நான் போட்டது கடை திறந்து மூன்று மாதம் கழித்து.

ஆறு குழாய் வைத்தோம். ஏன் ஆறு? சிங்கப்பூரில் அவர் வேலை பார்த்த இடத்தில் பன்னிரண்டு இருந்தது, இது சின்ன ஊர், பாதி போதும் என்றார். வேறு காரணம் கிடையாது.

கவனித்தவை

2022 ஆகஸ்டு கடைசி வாரம் திறந்தோம். முதல் மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கவாவது வந்தார்கள். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்தது.

இங்கே நான் வெட்கப்பட வேண்டும். இருபது வருடமாகச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். புரட்டாசியில் கோழி விற்பனை என்னாகும் என்று மனப்பாடமாகத் தெரியும். மாமிசத்தை விடுகிற வீடு தண்ணியையும் விடும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. ஒரு வாரம் முழுவதும் விற்றது 31 கிளாஸ்.

அதே வாரம் கொட்டியது அதைவிட அதிகம். கெக்குகள் ஒரு பெட்டி ஃப்ரீசருக்குள் 4 டிகிரியில் இருந்தன. குழாய்கள் சுவருக்கு இந்தப் பக்கம். இடையில் நான்கு மீட்டர் பிளாஸ்டிக் லைன், குளிர் இல்லாமல் அறை வெக்கையிலேயே ஓடியது. ராத்திரி முழுக்க அதில் நின்ற பீர் சூடாகி, கரைந்திருக்கும் கரியமில வாயு பிரிந்து, மறுநாள் குழாயைத் திறந்தால் வெறும் நுரை. குழாய்க்கு ஒரு கிளாஸ் தினமும் தொட்டிக்குப் போனது. ஆறு குழாய், ஆறு நாள், 36 கிளாஸ். விற்றது 31, கொட்டியது 36. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் உண்மையான தவறு. பீர் லைனை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காரக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், சிங்கப்பூரில் அவர் செய்ததே அந்த வேலைதான். ஆனால் கழுவுவதென்றால் லைனில் நிற்கும் பீரையெல்லாம் கொட்ட வேண்டும். ஏற்கனவே கொட்டிக் கொட்டி மனம் நொந்தவர், "புரட்டாசி முடியட்டும்" என்று தள்ளிப் போட்டார். ஐந்து வாரம் ஆனது.

பெரியவர் மோந்து பார்த்த நாள்

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 24. முந்தின சனிக்கிழமை சிங்கப்பூர்ப் பிள்ளைகள், கோலாலம்பூர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஊரில். அறை நிரம்பி வாசல் வரை ஆள். நாங்கள் காத்திருந்த கூட்டம் இதுதான். இரண்டு மூன்று மேசைகளில் கிளாஸ் பாதியோடு நின்றுவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, அடுத்ததைக் கேட்கவுமில்லை. ஒரு பையன் மட்டும் "நெய் வாசனை அடிக்குது, இது ஸ்டைலா?" என்று கேட்டான்.

இளைஞரின் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவர், பேரனோடு வந்திருந்தார். கிளாஸை வாங்கினார். குடிக்கவில்லை. விளிம்புக்குக் கீழே மூக்கை வைத்து ஒரு முறை இழுத்தார், கிளாஸைச் சுற்றினார், இன்னொரு முறை இழுத்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டுக் குழாய்ப் பக்கம் வந்தார்.

"தம்பி, இது காலைல எறக்குன கள்ளு இல்ல. நேத்து மொட்டியக் கழுவாம அதுலயே எறக்குன கள்ளு."

அவ்வளவுதான். வேறெதுவும் சொல்லவில்லை.

கள்ளு காலையில் இனிக்கும், சாயங்காலம் புளிக்கும், மறுநாள் வினிகராகும் பக்கம் போகும். அதை விற்றவனுக்கும் குடித்தவனுக்கும் பாத்திரச் சுத்தம் பாடமாகத் தெரியும். கள்ளு இறக்கும் பானையான மொட்டியில் பழைய வண்டல் இருந்தால் புதுக் கள்ளும் சீக்கிரம் கெடும். எங்கள் லைனில் நடந்ததும் அதேதான். உள்சுவரில் படிந்த பாசி போன்ற படலத்தில் பாக்டீரியா வளர்ந்து, ஒரு குழாயில் வெண்ணெய் வாசனையும் இன்னொன்றில் புளிப்பும் ஏறிவிட்டன. கோலாலம்பூரிலிருந்து வந்த பீரில் குற்றமில்லை. இளைஞர் அன்றைக்கே நான்கு குழாயை மூடினார். மேசை மேசையாகப் போய்க் காசைத் திருப்பிக் கொடுத்தார். ராத்திரி இரண்டு மணிக்கு லைன்களைக் கழற்றிக்கொண்டிருந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

காசு திரும்பியது, ஆட்கள் திரும்பவில்லை. அவர்கள் மறுபடி ஊருக்கு வர அடுத்த விசேஷம் வர வேண்டும்.

வெட்டிக் குறைத்தது

நவம்பரில் உட்கார்ந்து பேசினோம். மூடிவிடலாம் என்பது என் யோசனை. அவர் ஆறு மாதம் கேட்டார். கேட்டதோடு நிற்காமல், என்னென்ன மாற்றப் போகிறார் என்று சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆறு குழாய் இரண்டானது. நான்கு மீட்டர் லைனைத் தூக்கிப் போட்டுவிட்டு, குழாயை ஃப்ரீசர் மேலேயே நிறுத்தினார். லைன் முழுக்கக் குளிருக்குள் வந்ததும் காலை நுரை அநேகமாக நின்றுவிட்டது. பார்க்க அழகாயில்லை, அதனால் என்ன. கெக் 20 லிட்டராகச் சுருங்கியது. வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் திறப்பது என்றானது.

பீரும் மாறியது. வரி ஆல்கஹால் அளவைப் பொறுத்தது என்பதால் 6 விழுக்காட்டை விட்டு 4 விழுக்காடு பீர்களை எடுத்தார். 30 லிட்டர் கணக்கில் வரி 315 வெள்ளியிலிருந்து 210 ஆகிறது. கிளாஸையும் 250 மில்லி ஆக்கி 14 வெள்ளி வைத்தார். இங்கே நாங்கள் இருவரும் முட்டிக்கொண்டோம். போதை கம்மி, அளவும் கம்மி, எவன் வாங்குவான் என்றேன். போதைக்காக வருகிறவன் முதலிலிருந்தே நம் ஆள் இல்லை, அவனுக்குக் கோப்பிக் கடையில் பெரிய போத்தல் இருக்கிறது, வரி கட்டாத கடத்தல் டின்னும் கிடைக்கிறது, அவனோடு விலையில் போட்டி போட நம்மால் ஆகாது என்றார். இது சரி.

அவருடைய பாட்டி கடைசி வரை அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. சாப்பாட்டுக் கடைப் பக்கம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் நான் மெதுவாக விளக்கப் பார்த்தேன்: இது வேற மாதிரிங்க பாட்டி, கொஞ்சமா ருசிக்கறதுக்கு.

"கிளாச மாத்துனா தண்ணி மாறிடுமாய்யா?" என்றார். பதில் என்னிடம் இல்லை. இப்போதும் இல்லை.

பின்விளைவு

2023 ஓரளவு நின்று விளையாடியது. சீனப் புத்தாண்டில் கடைத்தெருச் சீன முதலாளிகள் வந்தார்கள், வந்தவர்களில் நாலைந்து பேர் வாடிக்கையானார்கள். ஆசிரியர்கள், மருத்துவமனை ஊழியர்கள், வார இறுதியில் ஊருக்கு வரும் பிள்ளைகள் வந்தார்கள். தைப்பூச விரதத்துக்கு இந்த முறை முன்கூட்டியே ஒரு குழாயை அணைத்து வைத்தோம். புரட்டாசியில் அறையையே பூட்டினோம். ஆட்டு வறுவலும் நெத்திலிப் பொரியலும் பீரைவிட நல்ல லாபம் கொடுத்தன. தோட்டத்து ஆட்கள் யாரும் வரவில்லை, பெரியவரைத் தவிர. அவரிடம் காசு வாங்குவதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு முறை மோந்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

அந்த ஆண்டு நட்டமில்லை. ஆனால் இளைஞருக்கு மாதச் சம்பளம் என்று எடுக்க ஆயிரம் வெள்ளிகூட மிஞ்சவில்லை. விநியோகஸ்தர் குறைந்தபட்ச ஆர்டரை உயர்த்தியதும் கணக்கு உடைந்தது. 2024 மார்ச்சில் குழாய்களை எடுத்துவிட்டோம். மொத்தத்தில் அவர் கைவிட்டுப் போனது 40,000 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. அதில் முக்கால்வாசி முதல் நான்கு மாதத்தில் போனது.

இடையில் ஒன்று நடந்தது. 2023 நடுவில் ஈப்போவிலிருந்து சாப்பிட வந்த ஒரு பார் முதலாளி, இந்த ஊரில் இவ்வளவு சுத்தமான பீரா என்று கேட்டுவிட்டு, தன் கடை லைன்களைக் கழுவித் தர முடியுமா என்றார். போனார். பிறகு அவருடைய நண்பர் கடை, அப்புறம் இன்னொன்று. இப்போது இளைஞர் பதினொரு கடைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை லைன் கழுவுகிறார். காடியின் பின்பெட்டியில் ஒரு பம்பு, இரண்டு டிரம், ஒரு பை நிறைய ரப்பர் வாஷர். ஈப்போவில் பீர்க் கடைகள் பெருகுவதால் அவருக்கு வருமானம். ஐந்து வாரம் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவரிடம் சொந்தக் கதை இருக்கிறது.

மறுபடி செய்தால்

குழாயே வைத்திருக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. டின்னில் வரும் கிராஃப்ட் பீரைச் சாப்பாட்டுக் கடைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வருடம் விற்றுப் பார்த்திருந்தால், எத்தனை பேர் வருகிறார்கள் என்று செலவில்லாமல் தெரிந்திருக்கும் என்கிறார். எனக்கு அதில் பாதி உடன்பாடு. குழாய் இல்லாவிட்டால் முதல் மூன்று வாரக் கூட்டமும் வந்திருக்காது. இரண்டு குழாயோடு தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. திறந்த தேதியும் தவறு. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, புரட்டாசி முடிகிற சமயத்தில் திறந்திருந்தால், புத்தம் புது லைனோடு அந்தக் கூட்டத்தைச் சந்தித்திருப்போம்.

கணக்கு எழுதும் முறையில் நான் ஒன்றை மாற்றிக்கொண்டேன். சீக்கிரம் கெடும் சரக்கு விற்க யார் வந்தாலும், நல்ல மாத விற்பனையை நான் கேட்பதில்லை. வருடத்திலேயே மட்டமான வாரத்தில், திறந்த ஒரு பாத்திரம் காலியாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்கிறேன். போன மாதம் ஐஸ்கிரீம் கடை வைக்க வந்த ஒரு பெண்மணியிடமும் கேட்டேன். "புரட்டாசியில ஐஸ்கிரீம் விக்குமே அண்ணே" என்றார். சரிதான், முட்டை போடாததாக இருந்தால். குறித்துக்கொண்டார்.